‘இன்னைக்குப் பறக்கல’: அலாஸ்காவில் சால்மன், கரடி, ஒரு பழைய விமானம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கு.)

அந்த அலாஸ்கா ஃபோட்டோவைப் போட்டதில் இருந்து இன்பாக்ஸில் மூணு கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. “ப்ரோ, தண்ணி மேல நிக்குதே, அது என்ன விமானம்?” “எவ்வளவு ஆச்சு?” “கரடி நிஜமாவே அவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?” மூணுக்கும் இன்னைக்குப் பதில் சொல்லிடறேன். வரிசையா வராது, பொறுத்துக்கோங்க.

பின்னணி ரெண்டே வரி. ப்ராஜெக்டுக்காக சியாட்டிலில் சில மாசம் இருந்தேன். ஜூலையில் நானும் ரெண்டு ரூம்மேட்ஸும் சேர்ந்து அலாஸ்காவில் மூணு நாள் ட்ரிப் ஒண்ணு புக் பண்ணோம். ஒரு நாள் சால்மன் மீன்பிடி, ஒரு நாள் கரடி பார்க்கிறது, ஒரு நாள் காலி. கைடு, பைலட், தங்க ஒரு லாட்ஜ், எல்லாம் அதிலேயே அடக்கம். அந்தக் காலி நாள் எதுக்குன்னு கேட்டதுக்கு, “வானிலைக்கு”ன்னு ஒரே வார்த்தையில் மெயில் வந்துச்சு.

போயிட்டு வந்த பிறகு எனக்குத் தோணினது இதுதான்: இந்த ட்ரிப்பில் நாம பெரும்பங்கு காசு குடுக்கிறது, சரியான நேரத்தில் ‘வேண்டாம்’னு சொல்லத் தெரிஞ்ச ஆட்களுக்கு. அதைத்தான் இந்த எபிசோட் முழுக்கப் பேசப் போறேன்.

முதல்ல ஏன் விமானம்? அலாஸ்கா நம்ம தமிழ்நாட்டை மாதிரி 13 மடங்கு பெரிசு. மக்கள்தொகை ஏழரை லட்சத்துக்குள்ள. அதாவது சென்னையில் ரெண்டு மூணு ஏரியா ஜனம் மொத்தமும் அவ்வளவு பெரிய இடத்தில் பரவிக் கிடக்கு. ரோடு ரொம்பக் கம்மி. தலைநகர் ஜூனோவுக்கே வெளியில இருந்து ரோடு கிடையாது. நாங்க போன கட்மாய் தேசியப் பூங்கா ஆங்கரேஜ் நகரத்தில் இருந்து சுமார் 290 மைல், ஏறக்குறைய சென்னையில் இருந்து மதுரை தூரம். காரில் போகவே முடியாது. ஆனா ஏரி எக்கச்சக்கம். ரோடு இல்லை, ரன்வே இல்லை, ஏரி இருக்குன்னா என்ன பண்ணுவீங்க? விமானத்தோட சக்கரத்தைக் கழட்டிட்டு ரெண்டு மிதவையை மாட்டுவீங்க. அதான் ஃப்ளோட் பிளேன். மாலத்தீவு ஹனிமூன் ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. அங்க அது சொகுசு. அலாஸ்காவில் அது டவுன் பஸ். ஆங்கரேஜ் ஏர்போர்ட்டை ஒட்டியே லேக் ஹூட்னு ஒரு ஏரி இருக்கு, உலகத்திலேயே பிஸியான நீர்விமானத் தளம் அதுதான்.

நாங்க ஆங்கரேஜில் இருந்து சாதாரண விமானத்தில் கிங் சால்மன்னு ஒரு சின்ன ஊருக்குப் போனோம். ஆமா, ஊர் பேரே அதுதான். அங்க ஆற்றங்கரையில் நின்னது ஒரு டி ஹாவிலாண்ட் பீவர்.

இந்த விமானத்தைப் பத்திக் கொஞ்சம் ஓவரா பேசுவேன், மன்னிச்சுக்கோங்க. பீவர் கனடாக்காரங்க தயாரிப்பு. முதல் முறை பறந்தது 1947 ஆகஸ்ட் 16. நமக்குச் சுதந்திரம் கிடைச்ச மறுநாள்! 1967லயே தயாரிப்பை நிறுத்திட்டாங்க. மொத்தம் 1,600க்கு மேல செஞ்சாங்க, அதில் நூற்றுக்கணக்கில் இன்னும் பறக்குது. எஞ்சின் அதைவிடப் பழைய டிசைன்: வட்டமா அடுக்கின 9 சிலிண்டர், 450 குதிரைத்திறன். வடிவமைக்கிறதுக்கு முன்னாடி கம்பெனி புஷ் பைலட்டுகளைக் கேட்டிருக்காங்க, உங்களுக்கு என்ன வேணும்னு. சின்ன இடத்தில் ஏறி இறங்கணும், எண்ணெய் டிரம்மை உருட்டி ஏத்துற அளவுக்குக் கதவு அகலமா இருக்கணும்னு பதில் வந்துச்சு. அதே மாதிரி செஞ்சாங்க. எஞ்சின் ஆயில் ஊத்துற வாய் காக்பிட்டுக்கு உள்ளேயே இருக்கு. பறந்துட்டே ஆயில் ஊத்தலாம். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன், அந்த மூடி என் காலுக்குப் பக்கத்திலேயே இருந்துச்சு. யூசர் ரிசர்ச்னா இது. நாம எழுதுற கோடு மூணு வருஷம் தாங்கினாலே கேக் வெட்டுறோம்.

கிளம்புறதுக்கு முன்னாடி பைலட் பண்ண முதல் வேலை, ஒரு கைப்பம்பை எடுத்து மிதவைக்குள்ள இருந்து தண்ணியை உறிஞ்சி வெளியே விட்டது. ஒவ்வொரு மிதவைக்குள்ளயும் தனித்தனி அறைகள் இருக்கும், ஒண்ணில் ஓட்டை விழுந்தாலும் மத்தது மிதக்கும். கொஞ்சம் கசிவு சகஜம். அதைத் தினமும் காலையில் அறை அறையா வெளியேத்தணும். அடுத்து எங்க எடை. ஷூ, ஜாக்கெட், கேமரா பேக் எல்லாத்தோடவும் தராசில் ஏறச் சொன்னார். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஜிம் கணக்கில் ரெண்டு கிலோ குறைச்சுச் சொல்லப் பார்த்தான். அவர் சிரிக்காம தராசைக் கைகாட்டினார். கரடியை விரட்டுற மிளகாய் ஸ்ப்ரேயை உள்ளே எடுத்துட்டு வரக் கூடாது, அது மிதவையில் இருக்கிற சின்ன அறைக்குள்ள போயிடும். காக்பிட்டுக்குள்ள அது வெடிச்சா பைலட்டுக்குக் கண்ணு தெரியாதில்லையா.

இதெல்லாம் முடிச்சு, லைஃப் வெஸ்ட் போட்டு, ரெடியா நிக்கிறோம். முதல் நாள் காலை எட்டு மணி. ஆற்றுக்கு மேல பனிமூட்டம். பெரிசா ஒண்ணும் இல்லை, அக்கரையே நல்லாத் தெரியுது.

பைலட் உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தார். இதை நான் எட்டிப் பார்த்தேன், தொழில் புத்தி. அமெரிக்க விமானத் துறை அலாஸ்கா முழுக்க 200க்கு மேற்பட்ட இடங்களில் வானிலைக் கேமரா வெச்சிருக்கு. மலைக் கணவாய், ஏரிக்கரை, யாருமே இல்லாத கடற்கரை. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே தெளிவான நாளில் அதே இடம் எப்படி இருக்கும்னு ஒரு படம். ரெண்டையும் ஒப்பிட்டா எந்த மலை காணாமப் போயிருக்குன்னு உடனே தெரியும். டேஷ்போர்டுன்னா இப்படி இருக்கணும். எங்க வழியில் இருந்த கேமராவில் மலையே இல்லை. வெள்ளைப் பேப்பர்.

இந்தச் சின்ன விமானங்கள் பெரும்பாலும் கண்ணால பார்த்துப் பறக்கிறவை. தரை தெரியலன்னா பறக்கக் கூடாது. அவர் வெளியே வந்து, “இன்னைக்குப் பறக்கல. காபி இருக்கு”ன்னார்.

எங்களுக்குக் காலி நாள் இருந்துச்சு. பிரச்சினை இல்லை. எங்க கூட ஒரு அப்பாவும் மகனும் வந்திருந்தாங்க. அப்பாவுக்கு அறுபத்தஞ்சு இருக்கும். அவங்களுக்கு அந்த ஒரு நாள்தான், சாயங்காலம் ஆங்கரேஜுக்குத் திரும்பணும். அவர் கோபப்படல, கெஞ்சல. ரொம்ப மரியாதையா, “பத்து மணிக்குப் பார்க்கலாமா?”ன்னார். பத்து மணிக்குப் பார்த்தாங்க. பன்னிரண்டுக்குப் பார்த்தாங்க. ரெண்டு மணிக்கு, கூடக் காசு குடுக்கிறேன்னு சொல்லிப் பார்த்தார். பைலட், “உங்க காசு முழுசாத் திரும்ப வந்துடும், நான் பறக்க மாட்டேன்”னு சொல்லிட்டு அவருக்கு இன்னொரு கப் காபி ஊத்தினார். அந்த அப்பாவும் மகனும் ஒரு கரடியைக்கூடப் பார்க்காம ஊருக்குக் கிளம்பினாங்க. ஏழு மணிக்கு வானம் பளிச்சுன்னு திறந்துச்சு. பார்க்கக் கஷ்டமா இருந்தது.

ஆனா மறுபக்கம் என்னன்னு தெரிஞ்சா அந்த காபியோட விலை புரியும். 2015 ஜூனில் அலாஸ்காவின் தென்கிழக்கில், கெட்சிகன் பக்கத்தில், கப்பல் சுற்றுலாப் பயணிகளை ஏத்திட்டுப் போன ஒரு ஃப்ளோட் பிளேன் மோசமான வானிலையில் மலையில் மோதி, உள்ள இருந்த 9 பேரும் இறந்தாங்க. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரிச்சுச் சொன்னது முக்கியம். பைலட் மோசமான வானிலைக்குள்ள தொடர்ந்து பறந்தது ஒரு காரணம். அப்படிப் பறக்கிறதை வாயால் சொல்லாமலே ஏத்துக்கிட்ட கம்பெனிக் கலாச்சாரம் இன்னொரு காரணம். கப்பல் கிளம்புற நேரத்துக்குள்ள பயணிகளைத் திருப்பிக் கொண்டு வரணும்ங்கிற அழுத்தம் பின்னாடி இருந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெப்ளாய் பண்ணச் சொல்ற மேனேஜர் ஞாபகம் வர்றாரா? நம்ம ஆபீஸில் மிஞ்சிப் போனா சனிக்கிழமை போகும்.

எல்லா விபத்தும் வானிலையால வர்றது இல்லை. 2010 ஆகஸ்டில், இதே மாதிரி ஒரு லாட்ஜில் இருந்து சால்மன் பிடிக்கக் கிளம்பின விமானம் டில்லிங்ஹாம் ஊருக்கு வடக்கே விழுந்துச்சு. 9 பேரில் 5 பேர் இறந்தாங்க. அதில் ஒருத்தர் அமெரிக்க முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ். அவர் ஏற்கெனவே 1978இல் ஒரு விமான விபத்தில் உயிர் பிழைச்சவர், அதில் மனைவியை இழந்தவர். ஆங்கரேஜில் நாங்க இறங்கின ஏர்போர்ட்டுக்குப் பேரே டெட் ஸ்டீவன்ஸ் ஏர்போர்ட். விசாரணையில் பைலட் சில நேரம் ஏதோ காரணத்தால செயலற்று இருந்திருக்கார்னு சொன்னாங்க. என்ன காரணம்னு கண்டுபிடிக்க முடியல. பயமுறுத்த இதைச் சொல்லல. டிக்கெட் எடுக்கிறவங்க தெரிஞ்சுதான் எடுக்கணும்.

ரெண்டாம் நாள் பறந்தோம். மேல ஏறினதும் கீழே பச்சையும் தண்ணியும் மாறி மாறி வருது, ஒரு வீடு கிடையாது. இறங்குறதைப் பத்தி ஒண்ணு. தண்ணி அசையாம கண்ணாடி மாதிரி இருந்தா இறங்க சுலபம்னு நினைப்போம். பைலட்டுக்கு அதுதான் பிடிக்காது. மேகம் அப்படியே தண்ணியில் தெரியும், தரை எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்குப் புரியாது. அதனால கரையை ஒட்டி வந்து, மரத்தைப் பார்த்து உயரத்தைக் கணிச்சு, மிதவை தொடுற வரைக்கும் ஒரே சீரா மெதுவா இறக்குவாங்க. லேசா அலை இருந்தாத்தான் அவங்களுக்கு நிம்மதி. இறங்கின பிறகும் பிரேக்னு ஒண்ணு இல்லை. எஞ்சின் ஓடுற வரைக்கும் நகர்ந்துட்டே இருக்கும். சரியான நேரத்தில் எஞ்சினை நிறுத்தி, மிச்ச வேகத்தில் கரைக்கு மிதந்து வந்து, பைலட் மிதவை மேல குதிச்சுக் கயிறைப் பிடிச்சார். ஷேர் ஆட்டோ டிரைவர் தோத்தார்.

இப்போ மீனுக்கு வருவோம். நம்ம ஊர் ஆப்களில் ‘இந்தியன் சால்மன்’னு வர்றது காலா மீன். நல்ல மீன், அதுக்கும் சால்மனுக்கும் சொந்தமே கிடையாது. அலாஸ்காவில் அஞ்சு வகை சால்மன் உண்டு. நாங்க போன பகுதியில் ராஜா சாக்கை சால்மன். அந்த ஆறுகள் எல்லாம் போய் விழுற பிரிஸ்டல் வளைகுடாவில்தான் உலகத்திலேயே அதிகமா சாக்கை வருது. 2022இல் சாதனை: கிட்டத்தட்ட 8 கோடி மீன், ஒரே கோடையில்.

அதோட வாழ்க்கை ஒரு தனிக் கதை. ஆற்றுக் கூழாங்கல்லுக்கு அடியில் பொரியும். ஏரியில் ஒண்ணு ரெண்டு வருஷம். அப்புறம் கடலுக்குப் போய் ரெண்டு மூணு வருஷம் தின்னு கொழுக்கும். பிறகு தான் பிறந்த அதே ஆற்றுக்குத் திரும்பும். கடைசிக் கட்டத்தில் வழி காட்டுறது வாசனை. சின்ன வயசில் பதிஞ்ச ஆற்றுத் தண்ணியோட வாசனை. நல்ல தண்ணிக்குள்ள நுழைஞ்சதும் சாப்பாட்டை நிறுத்திடும். வெள்ளி நிறம் போய் உடம்பு ரத்தச் சிவப்பாகும், தலை பச்சையாகும். முட்டையிட்டதும் செத்துப் போகும். அம்மா, அப்பா எல்லாமே.

இங்க ஒரு சந்தேகம் வரணும். சாப்பிடவே சாப்பிடாத மீன் எப்படித் தூண்டிலைக் கடிக்கும்? நான் கைடுகிட்ட கேட்டேன். அவர் சிரிச்சார். சாக்கை விஷயத்தில் பெரும்பாலும் அது கடிக்கிறதே இல்லை. ஓட்டத்தில் நூல் மிதந்து போகும், வாயைத் திறந்து மூடுற மீனோட வாய்க்குள்ள நூல் குறுக்கே போகும், இழுத்தா கொக்கி மாட்டும். இதைத் தூண்டில் கலையா ஏத்துக்காதவங்க நிறைய பேர் உண்டு. கோஹோ சால்மன் வேற, அது கோபத்தில் பாய்ஞ்சு கடிக்கும். சாக்கையை ‘பிடிச்சேன்’னு சொல்றதில் பாதி, ஆற்றில் அவ்வளவு மீன் இருந்ததுக்குப் போகணும்னு என் அபிப்ராயம்.

இடுப்பளவு தண்ணியில் ரப்பர் உடை போட்டு நிக்கிறோம். தண்ணி ஐஸ். சால்மன் காலுக்கிடையில் போகுது, அது விளையாட்டுக்குச் சொல்லல. என் ரூம்மேட், நாகப்பட்டினத்துக்காரன், ஊரில் கடலே கதின்னு வளர்ந்தவன், ஆனா தூண்டிலில் ஒரு மீனும் பிடிச்சதில்லை. அவனுக்குத்தான் முதல்ல மாட்டுச்சு. மீன் குதிக்குது, தண்ணி தெறிக்குது, அவன் கத்துறான். அந்த நேரத்தில் வளைவில் ஒரு கரடி வந்துச்சு. எங்களைப் பார்க்கவே இல்லை, அதுபாட்டுக்குக் கரையோரமா நடந்து வருது.

கைடு குரலை உயர்த்தல. “நூலை அறு”ன்னார்.

இவன் என்னைப் பார்க்கிறான், மீனைப் பார்க்கிறான். “டேய், கரடி அவ்வளவு தூரத்துல இருக்குடா!” கைடுக்குத் தமிழ் தெரியாது, ஆனா எல்லா மொழியிலயும் இந்த வாக்கியம் ஒரே மாதிரிதான் கேட்கும்போல. அவர் பேசவே இல்லை. பக்கத்தில் வந்து, கத்தரியால் நூலை வெட்டினார். நாங்க கூட்டமா ஒண்ணாச் சேர்ந்து, பேசிக்கிட்டே, மெதுவாப் பின்வாங்கிக் கரையேறினோம். கரடி நாங்க நின்ன இடம் வழியாவே போச்சு, ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துச்சு, போயிடுச்சு.

அப்புறம்தான் விளக்கினார். தூண்டிலில் துள்ளுற மீன் கரடிக்கு ஒரு மணிச் சத்தம் மாதிரி. ஒரே ஒரு தடவை அந்தத் துள்ளலைக் கேட்டு வந்து, மனுஷன் பயந்து விட்ட மீனைத் தின்னுட்டா, அதுக்குப் பாடம் புரிஞ்சிடும்: மனுஷன் நிக்கிற இடத்தில் சாப்பாடு இருக்கு. அதுக்கப்புறம் அந்தக் கரடி ஒவ்வொரு மனுஷனையும் நோக்கி வரும். என்னைக்காவது ஒரு நாள் யாராவது அடிபடுவாங்க, அந்தக் கரடியைச் சுடுவாங்க. “உன் ஃப்ரெண்டோட மீனுக்காக நான் நூலை வெட்டல. அடுத்த வாரம் இங்க வர்றவனுக்காக வெட்டினேன்”னார்.

நீலகிரியில் இருக்கிறவங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி கோயில் கதவை உடைச்சு விளக்கெண்ணெயைக் குடிக்கிறதும், ரேஷன் கடைக்குள்ள புகுறதும் வருஷா வருஷம் செய்தி. அது வேற இனக் கரடி, வேற நிலைமை. தேயிலைத் தோட்டமும் ஊரும் காடும் ஒட்டிக்கிட்டுக் கிடக்கு, அங்க இருக்கிற ஜனங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு தடவை ருசி கண்ட பிறகு திருப்பிப் போட முடியாதுங்கிற விஷயம் அதேதான். ரோல்பேக் கிடையாது.

மூணாம் நாள், ப்ரூக்ஸ் கேம்ப். கரடி வீடியோன்னு இணையத்தில் நீங்க பார்த்த, சால்மன் நேராக் கரடி வாய்க்குள்ள குதிக்கிற அந்தப் படம், பெரும்பாலும் இங்க எடுத்ததுதான். நாக்நெக் ஏரியில் விமானம் இறங்கின உடனே எங்க கூட்டிட்டுப் போறாங்க தெரியுமா? வகுப்புக்கு. வர்ற ஒவ்வொருத்தரும் ரேஞ்சர் நடத்துற கரடிப் பாடத்தைக் கேட்டே ஆகணும். கரடியில் இருந்து 50 கஜம் தள்ளி நிக்கணும், அதாவது ரெண்டு கிரிக்கெட் பிட்ச் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. ஓடக் கூடாது. பாதையில் சாப்பாடு கூடாது. ஜூஸ்கூடக் கூடாது, வெறும் தண்ணி மட்டும். மீன் பிடிச்சா அங்கேயே கழுவி வெட்டக் கூடாது. கூடாரம் போடுற இடத்தைச் சுத்தி மின்சார வேலி. வேலிக்குள்ள மனுஷன், வெளியே கரடி. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிச்சிருந்தது.

அருவி படத்தில் தெரியிற மாதிரி பிரம்மாண்டம் இல்லை. ஆறடிதான் உயரம். மேடையில் ஒரு நேரத்தில் 40 பேர் மட்டும். கூட்டம் அதிகமான நாளில் ஆளுக்கு ஒரு மணி நேரம், அப்புறம் இறங்கி மறுபடி பேர் எழுதிக் காத்திருக்கணும். நாங்க மேடைக்குப் போற வழியில் நாற்பது நிமிஷம் நின்னோம், ஏன்னா பாதைக்குக் கீழே ஒரு தாய்க் கரடி குட்டிங்களோட தூங்கிட்டிருந்துச்சு. யாரும் விரட்டல, கைதட்டல. அது எழுந்து போற வரைக்கும் முப்பது பேர் க்யூவில் நின்னோம். திருப்பதியில் நின்ன அனுபவம் கைகொடுத்துச்சு.

மேடையில் இருந்து பார்த்தா ஒவ்வொரு கரடிக்கும் ஒரு ஸ்டைல். சிலது அருவி உச்சியில் நின்னு வாயைத் திறந்து காத்திருக்கும். பெரிய ஆண் கரடி அருவிக்கு அடியில் நுரைக்குள்ள உட்கார்ந்திருக்கும், அந்த இடத்துக்கு ஜக்குஸின்னே பேர். சிலது முகத்தைத் தண்ணிக்குள்ள விட்டுத் தேடும். சிலது உழைக்கவே உழைக்காது, அடுத்தவன் பிடிச்சதைப் பிடுங்கும். நம்ம டீமில் எல்லா வகையும் உண்டு. நல்ல நாளில் ஒரு பெரிய கரடி 30 மீனுக்கு மேல தின்னும். வயிறு ரொம்பினதும் தோல், மூளை, முட்டை மட்டும் சாப்பிட்டுட்டு மிச்சத்தை விட்டுடும். அது வீணாப் போறதில்லை. கழுகு, நரி, பிறகு மண். கரடி காட்டுக்குள்ள இழுத்துட்டுப் போய்ப் போட்ட மீனில் இருந்து கடல் நைட்ரஜன் மரங்களுக்குள்ள போயிருக்கிறதை ஆராய்ச்சியில் அளந்தே காட்டியிருக்காங்க.

இவ்வளவும் குளிர்காலத்துக்காக. தூங்கி எழும்போது உடம்பு எடையில் மூணில் ஒரு பங்கு வரைக்கும் போயிருக்கும். 2014இல் பூங்கா ஊழியர்கள் விளையாட்டா ஆரம்பிச்ச குண்டுக் கரடிப் போட்டி இப்போ வருஷா வருஷம் பத்து லட்சம் ஓட்டைத் தாண்டுது. ஓடிஸ்னு ஒரு கிழக் கரடி நாலு தடவை ஜெயிச்சுது. போட்டி க்யூட்டா இருக்கு, ஆனா ஆறு க்யூட் இல்லை. 2024 ஜூலையில் சங்க்னு ஒரு பெரிய ஆண் கரடி, கிரேஸர்ங்கிற தாயோட குட்டியை நேரலைக் கேமரா முன்னாடியே கொன்னுச்சு. பூங்கா தலையிடல. அந்த அக்டோபரில் கிரேஸர் இறுதிச் சுற்றில் சங்க்கைத் தோற்கடிச்சுது. 2025இல் தாடை உடைஞ்ச நிலையிலேயே சங்க் ஜெயிச்சுது. வில்லன், ஹீரோன்னு பிரிச்சுப் பார்க்கிற நம்ம பழக்கம் அங்க எடுபடல.

இதே கட்மாயில்தான் திமோதி ட்ரெட்வெல். பதிமூணு கோடைக்காலம் கரடிகளுக்கு நடுவில் கூடாரம் போட்டு வாழ்ந்தவர். தொட்டுப் பேசுற தூரம். 2003 அக்டோபரில் அவரும் தோழி ஏமி ஹியூகனார்டும் கரடியால் கொல்லப்பட்டாங்க. கூட்டிட்டு வரப் போன ஃப்ளோட் பிளேன் பைலட்தான் முதல்ல கண்டுபிடிச்சார். அந்தச் சம்பவத்தில் ரெண்டு கரடிகளையும் சுட்டாங்க. வெர்னர் ஹெர்சாக் எடுத்த ‘கிரிஸ்லி மேன்’ படம் இந்தக் கதைதான், 2005இல் வந்தது. அவர் கரடிகளை நேசிச்சார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா ‘இதுக்கு மேல வராதே’ன்னு சொல்ல அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் அங்கேயே, கட்மாய்க்கு வடக்கே இருக்கு. மெக்நீல் ஆற்றுச் சரணாலயம். குலுக்கலில் பேர் வந்தாத்தான் போகலாம், அருவிக்கு ஒரு நாளைக்கு 10 பேர், கூடவே ஊழியர். ஒரே நேரத்தில் 74 கரடிகளை அங்க எண்ணியிருக்காங்க. 1973இல் இந்த அனுமதி முறை வந்ததில் இருந்து கரடியால் ஒரு பார்வையாளருக்கும் காயம் இல்லை.

பெரிய அளவிலும் ஒரு ‘வேண்டாம்’ இருக்கு. பிரிஸ்டல் வளைகுடாவுக்குத் தண்ணி குடுக்கிற ஆறுகளோட தலைமாட்டில் செம்பும் தங்கமும் இருக்கு. பெப்பிள் சுரங்கத் திட்டம்னு பல வருஷமா சண்டை. 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சுரங்கக் கழிவை அந்த நீர்நிலைகளில் கொட்டத் தடை போட்டுச்சு. அதை எதிர்த்து வழக்கும் போட்டிருக்காங்க. எங்க பைலட் பறக்கும்போது அந்தத் திசையைக் கைகாட்டிட்டு, “அது திறந்தா எனக்கு வேலை இல்லை”ன்னு ஹெட்செட்டில் சொன்னார்.

சரி, செலவு. கிங் சால்மனில் இருந்து ப்ரூக்ஸுக்குப் போய் வர ஆளுக்குச் சில நூறு டாலர். ஆங்கரேஜில் இருந்து ஒரே நாளில் போய் வர்ற கரடி ட்ரிப் ஆயிரம் டாலருக்கு மேல. லாட்ஜ், கைடு, மீன்பிடின்னு சேர்ந்தா பல ஆயிரம். மீன்பிடி லைசன்ஸ் தனி, ராஜா சால்மன் பிடிக்கணும்னா அதுக்கு மேல ஒரு ஸ்டாம்ப். சாதாரணச் சம்பளக்காரங்களுக்கு வாழ்க்கையில் ஒரு தடவை, அதுவும் எல்லாருக்கும் இல்லை. போறவங்க ஜூலை இல்லன்னா செப்டம்பர் போங்க. ஆகஸ்டில் ப்ரூக்ஸ் ஆற்றில் மீன் குறையும், கரடிங்க வேற ஆறுகளுக்குப் போயிடும். புக் பண்றதுக்கு முன்னாடி ஆபரேட்டர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: “போன சீசனில் வானிலைக்காக எத்தனை நாள் பறக்கல?” ஒரு நாள்கூட இல்லைன்னு பெருமையாச் சொன்னா, வேற ஆளைப் பாருங்க. காலி நாள் இல்லாத பேக்கேஜ் எடுக்காதீங்க.

அந்த ஃபோட்டோவில் கரடி எவ்வளவு பக்கம்? 50 கஜத்துக்கு வெளியே. லென்ஸ் வாடகைக்கு எடுத்தது.

போக முடியாதவங்களுக்கு, ப்ரூக்ஸ் அருவியில் இருந்து கோடைக்காலம் முழுக்க நேரலைக் கேமரா ஓடும், இலவசம். எக்ஸ்ப்ளோர் டாட் ஆர்க். அலாஸ்காவுக்கும் நமக்கும் கோடையில் பதிமூணரை மணி நேர வித்தியாசம். அங்க மதியம் 12, இங்க ராத்திரி ஒன்றரை. நைட் ஷிஃப்ட் மக்களே, ரெண்டாவது மானிட்டர் எதுக்கு இருக்கு? அடுத்த வாரம் பார்க்கலாம்.